ஆபீஸ் கணக்குக்குக் கைப்பேசியில் இரண்டாம் பூட்டு: ஆத்தென்டிகேட்டரை அமைப்பதும் காப்பதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேடும் நிறுவைச் சீட்டும் கிளினிக் மருந்துக் கணக்கும் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்படிப் போன இடங்களில் கிராணி எனும் எழுத்தருக்கும், செம்பனை ஆலை எடைமேடையில் உட்காருபவருக்கும், கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸருக்கும் ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வருகிறது: இனிமேல் கடவுச்சொல் மட்டும் போதாது, கைப்பேசியில் நுழைவு எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியும் வேண்டும். பலர் அவசரத்தில் யாரையாவது கூப்பிட்டு அமைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கைப்பேசி மழையில் நனைந்து செத்துப்போகும்போதுதான் சிக்கல் தெரிகிறது. சம்பள நாளாகப் பார்த்துக் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்கிறார்கள். அமைக்கும் வேலை பத்து நிமிடம்தான். கூடவே இன்னொரு கால் மணி நேரம் ஒதுக்கினால் அந்தத் தவிப்பு வராது.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். செயலியில் தெரியும் ஆறு இலக்க எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. அது உங்கள் கைப்பேசிக்குள்ளேயே உண்டாகிறது.

பதிவு செய்யும்போது கணினித் திரையில் ஒரு கியூஆர் கட்டம் வரும். அதற்குள் ஒரு இரகசியச் சாவி இருக்கிறது. கைப்பேசி அதைப் படித்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது, அதே சாவி அந்தப் பக்கம் நிறுவனத்தின் சேவையகத்திலும் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் இதுவரை எத்தனை 30 விநாடிகள் ஓடியிருக்கின்றன என்று இரண்டு பக்கமும் எண்ணி, அந்த எண்ணிக்கையையும் சாவியையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. விடை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். 2011இல் வெளியான பொதுத் தரம் இது. மைக்ரோசாஃப்ட், கூகுள் செயலிகளும் வேறு பலவும் இதன்படிதான் இயங்குகின்றன.

இதிலிருந்து என்னென்ன விளங்குகிறது பாருங்கள். எண் கைப்பேசிக்குள்ளேயே பிறப்பதால் லைன் இல்லாத இடத்திலும், டேட்டா தீர்ந்த பிறகும் அது வரும். நாலாபுறமும் பனைமரம் சூழ்ந்த எடைமேடைக் குடிசையில் எஸ்எம்எஸ் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகலாம், இதற்கு அந்தத் தொல்லை இல்லை. சிம் கார்டை மாற்றினாலும், பிரீபெய்டு எண் காலாவதியாகிப் புது எண் வாங்கினாலும் செயலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கைப்பேசியையே மாற்றினால் சாவி பழைய கைப்பேசியோடு தங்கிவிடும். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, சிம்மைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பழைய கைப்பேசியை அழித்துக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று, கைப்பேசியின் கடிகாரம் பிசகினால் எண்ணும் பிசகும். எல்லாவற்றிலும் முக்கியமானது இது: அந்த எண்ணை உங்களிடம் கேட்கும் தேவை ஐடி பிரிவு உட்பட உலகத்தில் யாருக்கும் இல்லை. சரிபார்க்க வேண்டிய சேவையகம் தானே அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் திருட வந்தவர்.

தொடங்குமுன்

எந்தச் செயலி வேண்டும் என்று ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சல் அவுட்லுக்கில் இருந்தால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர். ஜிமெயில் வடிவில் இருந்தால் கூகுள் ஆத்தென்டிகேட்டர் அல்லது அதுபோன்ற வேறு ஒன்று. இரண்டும் இலவசம். பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் இதே பெயரைச் சற்றே மாற்றி, இதே மாதிரிப் படம் போட்டு, வாரச் சந்தா கேட்கும் செயலிகள் மேலே வந்து நிற்கும். பெயருக்குக் கீழே வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் அல்லது கூகுள் எல்எல்சி என்று இருக்க வேண்டும். பணமோ கார்டு எண்ணோ கேட்டால் அது தவறான செயலி, நீக்கிவிடுங்கள்.

வாட்சாப்பில் யாராவது ஏபிகே கோப்பை (ஸ்டோருக்குப் போகாமல் ஆண்ட்ராய்டில் நேரே செயலியைப் போடும் கோப்பு) அனுப்பி 'இதைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்றால் தொடவே வேண்டாம். கல்யாண அழைப்பிதழ் என்றும் வீடு சுத்தம் செய்யும் சேவை என்றும் சொல்லி அனுப்பப்பட்ட ஏபிகே கோப்புகளால் மலேசியாவில் பலர் வங்கிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். ஆத்தென்டிகேட்டர் செயலிக்கும் அதே எச்சரிக்கைதான்.

கைப்பேசிக்குத் திரைப்பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாம் பூட்டின் சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போவது போலத்தான். கைரேகை வசதிதான், ஆனால் வருடக்கணக்கில் ரப்பர் பால் வெட்டிய கையும், குலை வெட்டி முள் கீறிய கையும் பல நேரம் கைரேகைக் கண்ணாடியில் படியாது. அப்படிப்பட்டவர்கள் ஆறு இலக்க எண்ணையே முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். மைகார்டின் முதல் ஆறு எண்கள் மட்டும் வேண்டாம். அது உங்கள் பிறந்த தேதி, உங்கள் அடையாள அட்டை நகலைப் பார்த்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

அடுத்தது கடிகாரம். செட்டிங்ஸில், மலாயில் வைத்திருப்பவர்களுக்குத் தெத்தாப்பானில், தேதியும் நேரமும் உள்ள இடத்துக்குப் போய் நேரத்தையும் நேர மண்டலத்தையும் தானாக அமைக்கும் பொத்தானை இயக்குங்கள். ஐபோனில் அது ஜெனரல் பகுதிக்குள் இருக்கும். பேருந்தைத் தவறவிடாமல் இருக்கக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இங்கே விட்டுவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு

கணினியும் கைப்பேசியும் பக்கத்தில் இருக்கட்டும், கைப்பேசியில் டேட்டா அல்லது வைஃபை இருக்கட்டும். எண் உண்டாக இணையம் வேண்டாம் என்றாலும் முதல் பதிவுக்கு வேண்டும்.

கணினியில் ஆபீஸ் கணக்குக்குள் வழக்கம்போல் நுழையுங்கள். கூடுதல் விவரம் தேவை என்று ஒரு திரை வரும், 'நெக்ஸ்ட்' அழுத்துங்கள். முதலில் செயலியைப் பெறச் சொல்லும், அது ஏற்கெனவே கைப்பேசியில் இருப்பதால் மறுபடியும் 'நெக்ஸ்ட்'. கியூஆர் கட்டம் வரும்வரை 'நெக்ஸ்ட்' அழுத்தி, வந்ததும் கணினியை அப்படியே விட்டுக் கைப்பேசிக்கு வாருங்கள்.

செயலியைத் திறந்து மேலே உள்ள கூட்டல் குறியைத் தொடுங்கள். மூன்று வகைக் கணக்குகளைக் காட்டும். இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். 'பெர்சனல் அக்கவுண்ட்' முதலில் இருப்பதால் விரல் தானாக அங்கே போய்விடுகிறது. ஆபீஸ் மின்னஞ்சலை அங்கே போட்டால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று சொல்லும். நீங்கள் தொட வேண்டியது 'வொர்க் ஆர் ஸ்கூல் அக்கவுண்ட்'. பிறகு 'ஸ்கேன் கியூஆர் கோட்'. கேமராவுக்கு அனுமதி கேட்கும், கொடுங்கள். அறிவிப்புக்கு அனுமதி கேட்கும், அதையும் கொடுங்கள். இதற்கு 'வேண்டாம்' சொன்னவர்கள்தான் பிறகு அறிவிப்பே வரவில்லை என்கிறார்கள்.

கணினித் திரைக்கு நேரே ஒரு முழம் தள்ளிக் கைப்பேசியைப் பிடித்தால் கட்டம் உடனே படியும். கணக்கின் பெயர் செயலியில் தோன்றியதும் கணினியில் 'நெக்ஸ்ட்'. இப்போது சோதனைக்காகக் கணினித் திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று வரும், கைப்பேசியில் அதைக் கேட்கும் அறிவிப்பு வரும். பார்த்து அப்படியே அடித்து 'யெஸ்' தொடுங்கள், திரைப்பூட்டைத் திறக்கச் சொன்னால் திறங்கள். கணினி 'அப்ரூவ்ட்' என்று சொன்னால் பதிவு முடிந்தது. அதற்கு முன்பே கணினிப் பக்கத்தை மூடினால் செயலியில் பெயர் தெரியும், ஆனால் கணக்கோடு இணைந்திருக்காது. அரைகுறையாக நின்ற அந்தப் பதிவை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

கட்டம் சில நிமிடங்களில் காலாவதியாகும். நடுவில் யாராவது கூப்பிட்டுப் போய் வந்தால், கணினியில் 'பேக்' அழுத்திப் புதுக் கட்டத்தை வரவழையுங்கள். கைப்பேசியின் சொந்தக் கேமராவால் கட்டத்தைப் பிடிக்க வேண்டாம். அது வேறு எங்கோ கொண்டுபோகும். ஐபோனில் சாவி கடவுச்சொற்கள் சேமிக்கும் இடத்துக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். எப்போதும் செயலிக்குள் இருக்கும் ஸ்கேனர்தான்.

கணினியே இல்லாமல் கைப்பேசியிலேயே கணக்கைத் திறக்கிறவர்களுக்குத் தன் திரையைத் தானே ஸ்கேன் செய்ய முடியாதே என்ற கேள்வி வரும். கைப்பேசி உலாவியில் பதிவுப் பக்கத்தைத் திறந்தால் கட்டத்துக்குப் பதிலாகச் செயலியோடு நேரே இணைக்கும் ஓர் இணைப்பு அங்கேயே இருக்கும், அதைத் தொட்டால் போதும்.

கட்டத்தைப் படம் பிடித்து வைப்பதோ, வாட்சாப் குழுவில் 'எனக்கு இப்படி வருகிறது' என்று போடுவதோ வேண்டவே வேண்டாம். கூகுள் மாதிரியான கணக்குகளில் கட்டம்தான் சாவி. அதைப் பார்த்தவர் தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்துவிட்டால் உங்களுக்கு வரும் அதே எண் அவருக்கும் வரும், உங்களுக்கு ஒரு தடயமும் தெரியாது.

கூகுள் கணக்காக இருந்தால்

கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பகுதிக்குள் 'ஆத்தென்டிகேட்டர்' என்று இருக்கும். 'செட் அப்' அழுத்தினால் கட்டம் வரும், செயலியில் கூட்டல் குறி தொட்டு ஸ்கேன் செய்து, தோன்றும் ஆறு இலக்க எண்ணைக் கணினியில் அடித்து 'வெரிஃபை' கொடுத்தால் முடிந்தது. கைப்பேசிக் கேமரா உடைந்திருந்தால் கட்டத்துக்குக் கீழே ஸ்கேன் செய்ய முடியவில்லை என்ற இணைப்பைத் தொடுங்கள். நாலு நாலு எழுத்தாகப் பிரித்து நீளமான சாவி ஒன்று வரும், அதைக் கையால் அடிக்கலாம். அதில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையுள்ள எண்களும் மட்டும்தான் இருக்கும். பூஜ்யம் போல் தெரிவது 'ஓ' எழுத்து, ஒன்று போல் தெரிவது 'ஐ' அல்லது 'எல்', எட்டு போல் தெரிவது 'பி'. இதைத் தெரியாமல்தான் மூன்று நான்கு தடவை அடித்து அலுத்துப்போகிறார்கள். அடித்து முடித்ததும் அந்தச் சாவியை எழுதிய தாளைக் கிழித்து எரித்துவிடுங்கள்.

இரண்டாவது வழியை இன்றைக்கே போட்டுவையுங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள். செயலி ஒரே கைப்பேசியில் மட்டும் இருந்தால், அது கிணற்றில் விழுந்த அன்றைக்கு உங்கள் வேலையும் கிணற்றில்தான்.

கூகுள் கணக்கில் அதே பாதுகாப்புப் பக்கத்தில் காப்புக் குறியீடுகள் கிடைக்கும். 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும், ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். தாளில் எழுதியோ அச்சடித்தோ வீட்டில் நிலப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வேண்டாம், கைப்பேசியில் படமாகவும் வேண்டாம், கைப்பேசி போனால் அதுவும் போகும். பயன்படுத்திய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். புதுத் தொகுதி எடுத்தால் பழைய பத்தும் செல்லாமல் போய்விடும், பழைய தாளைத் தூக்கிப் போடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் வேலைக் கணக்கில் 'செக்யூரிட்டி இன்ஃபோ' என்ற பக்கம் இருக்கிறது. ஐடி பிரிவு அனுமதித்திருந்தால் அங்கே இன்னொரு கைப்பேசியைச் சேர்க்கலாம், தொலைபேசி எண்ணைச் சேர்க்கலாம், கணினியில் செருகும் யுஎஸ்பி வடிவப் பாதுகாப்புச் சாவியையும் சேர்க்கலாம். வீட்டில் பழைய கைப்பேசி ஒன்று சிம் இல்லாமல் கிடந்தால் அதிலேயே செயலியைப் போட்டு இரண்டாவதாகப் பதியலாம். அதற்கும் திரைப்பூட்டு வேண்டும், மாதம் ஒரு முறை சார்ஜ் செய்து வைஃபையில் இணைத்துச் செயலியைப் புதுப்பிக்க வேண்டும்.

செயலியின் காப்பு வசதியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மைக்ரோசாஃப்ட் செயலியில் காப்பெடுத்து வைத்தாலும் வேலைக் கணக்கைப் பொறுத்தவரை புதுக் கைப்பேசிக்கு வருவது கணக்கின் பெயர் மட்டும்தான், சாவி வராது. மறுபடியும் உள்நுழைந்து பதிய வேண்டும். ஆண்ட்ராய்டில் எடுத்த காப்பு ஐபோனுக்குப் போகாது, ஐபோனில் எடுத்தது ஆண்ட்ராய்டுக்கு வராது. கூகுள் செயலியில் 2023 முதல் சாவிகளைக் கூகுள் கணக்கோடு சேமித்துவைக்கலாம். வசதியானதுதான், ஆனால் அந்தக் கூகுள் கணக்கை யாராவது பிடித்துவிட்டால் எல்லாச் சாவியும் அவர் கையில். அதைப் பயன்படுத்துபவர்கள் அந்தக் கணக்குக்கே உறுதியான இரண்டாம் பூட்டு போட்டிருக்க வேண்டும்.

எண் தவறு என்று வந்தால்

கடவுச்சொல்லை மாற்ற ஓட வேண்டாம். முதலில் எந்தக் கணக்கின் எண்ணை அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு முறை பதிந்தவர்களின் செயலியில் ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருக்கும், பழையது செத்த எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். புதியது வேலை செய்வதை ஒரு முறை சோதித்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். அவசரப்பட்டு எது பழையது என்று தெரியாமல் நீக்கினால் நல்லதும் போய்விடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் சுருங்கிக்கொண்டே வரும் வட்டம் 30 விநாடியைக் காட்டுகிறது. ஐந்து விநாடிக்குக் குறைவாக இருந்தால் அடுத்த எண் வரும்வரை பொறுங்கள். ஒரு முறை ஏற்கப்பட்ட எண்ணை அதே 30 விநாடிக்குள் மறுபடி ஏற்கக் கூடாது என்பது தரத்தின் விதி. அதனால் ஒரு கணினியில் நுழைந்த கையோடு பக்கத்துக் கணினியிலும் நுழையப் பார்த்தால் எண் மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி கடிகாரம்தான். இதில் ஒரு நுணுக்கமான சிக்கல் உண்டு. சிலருடைய கைப்பேசியில் நேரம் மிகச் சரியாக இருக்கும், எண் மட்டும் தவறாக வரும். நேர மண்டலம் ஜகார்த்தா அல்லது பேங்காக்கில் கிடக்க, ஒரு மணி நேரம் குறைவாக இருக்கிறதே என்று கையால் மணியை நகர்த்தி வைத்திருப்பார்கள். மணி பார்க்க மலேசிய நேரம்தான், உள்ளே ஓடும் உலக நேரமோ ஒரு மணி நேரம் பிசகியிருக்கும். சேவையகங்கள் பொதுவாக அரை நிமிடம், ஒரு நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும். தானாக அமைக்கும் பொத்தானை அணைத்து மறுபடி இயக்குங்கள், மண்டலம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்று பாருங்கள், செயலியை மூடித் திறந்து புது எண்ணைப் போடுங்கள்.

தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் கணக்கு கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். மூன்று முறை தவறினால் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

அறிவிப்பு வராமல் போனால்

ஆறு இலக்க எண்ணுக்கு லைன் வேண்டாம், ஆனால் மைக்ரோசாஃப்ட் செயலியில் இரண்டு இலக்க எண் கேட்கும் அறிவிப்புக்கு லைன் வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஆலைக்குள் லைன் கிடைக்காவிட்டால் கணினித் திரையில் வேறு வழியில் நுழைவதற்கான இணைப்பைத் தொட்டு, செயலியின் எண்ணைப் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியில் கணக்கின் பெயரைத் தொட்டால் அந்த எண் தெரியும். ஐடி பிரிவு அந்த வழியை அடைத்துவைத்திருந்தால், எடைமேடையில் லைன் கிடைப்பதில்லை என்று எழுத்தில் சொல்லித் திறக்கக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

லைன் இருந்தும் அறிவிப்பு வராவிட்டால் முதலில் செயலியைத் திறந்து பாருங்கள், திறந்ததுமே காத்திருந்த கோரிக்கை தோன்றும். சியாமி, ஒப்போ, விவோ கைப்பேசிகளில் மின்கலத்தை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் அமைப்பு கடுமையாக இருக்கும். பேட்டரி அமைப்பில் ஆத்தென்டிகேட்டருக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள். கூகுள் சேவைகள் இல்லாமல் வரும் புதிய ஹுவாவே கைப்பேசிகளில் இந்த அறிவிப்பை நம்ப முடியாது, அங்கே ஆறு இலக்க எண்தான் வழி.

நீங்கள் நுழையாமல் வரும் கோரிக்கை

இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நுழைய அனுமதிக்கவா என்று கைப்பேசி கேட்டால் உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வேறு யாரிடமோ இருக்கிறது என்று பொருள். கடவுச்சொல் சரியாக அடிக்கப்பட்ட பிறகுதான் பொதுவாக அந்தக் கேள்வி வரும். 'நோ, இட்ஸ் நாட் மீ' தொடுங்கள். உடனே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொல்லை தாங்காமல் நீங்கள் ஒரு முறை 'யெஸ்' தொடுவதைத்தான் திருடர்கள் எதிர்பார்க்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கைப்பேசிக்கு மேலும் மேலும் கோரிக்கை அனுப்பி, ஐடி பிரிவிலிருந்து பேசுவதாக வாட்சாப்பில் சொல்லி, ஏற்கவைத்தார். அதைப் போன்ற தாக்குதல்களுக்காகத்தான் மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் முதல் இரண்டு இலக்க எண்ணை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. கணினித் திரையைப் பார்க்காதவரால் அந்த எண்ணை அடிக்க முடியாது. அதனால் இப்போதைய திருடர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு 'உங்கள் கைப்பேசியில் 47 அடியுங்கள்' என்பார்கள். உங்கள் முன்னால் இருக்கும் திரையில் நீங்களே பார்த்த எண்ணைத் தவிர வேறு எதையும் அடிக்காதீர்கள்.

சில நேரம் கோரிக்கையில் இடத்தின் பெயரும் வரும். நீங்களே நுழையும்போது, நீங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்க அது கோலாலம்பூர் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். இணைய இணைப்பின் முகவரியை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கிறது, அந்த முகவரி தலைநகரில் பதிவாகியிருக்கும். வேறு நாட்டின் பெயர் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஆறு இலக்க எண்ணையும் அடித்துவிட்டால் திருடன் அதே நொடியில் உண்மையான பக்கத்தில் அதைப் பயன்படுத்திவிடுவான், செயலியால் அதைத் தடுக்க முடியாது. அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டு உள்நுழையாதீர்கள். நீங்களே சேமித்துவைத்த முகவரியிலிருந்து போங்கள். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் திரைப்பூட்டால் நுழையும் வழி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அது போலி முகவரியில் வேலை செய்யாது.

கைப்பேசியை மாற்றும்போதும் தொலைக்கும்போதும்

தீபாவளிக்குப் புதுக் கைப்பேசி வாங்கினால் பழையதை அன்றைக்கே கடையில் கொடுக்காதீர்கள். புதியதில் செயலியைப் போட்டு, பழையதைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் நுழைந்து, புதியதைப் பதிந்து, வெளியேறி, புதியதைக் கொண்டு ஒரு முறை உள்நுழைந்து பாருங்கள். சரியாக இருந்தால் பாதுகாப்புப் பக்கத்தில் பழைய கைப்பேசியை நீக்குங்கள். பிறகுதான் அதை முழுவதும் அழிக்க வேண்டும். செயலியை மட்டும் நீக்குவது போதாது. சேவையகத்தின் பட்டியலில் பழைய கைப்பேசி அப்படியே இருக்கும், அறிவிப்புகள் இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். திரை மாற்றக் கடையில் விடும்போதும் எல்லாத் தரவையும் அழித்தால்தான் சரியாகும் என்று சொன்னால், இரண்டாவது வழி உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

தொலைந்துவிட்டால் முதல் அழைப்பு ஐடி பிரிவுக்கு. அந்த எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் எப்படிக் கூப்பிடுவீர்கள்? செக்ரோல் புத்தகத்தின் உள்ளட்டையிலோ வீட்டு நாள்காட்டியிலோ எழுதிவையுங்கள். அவர்களிடம் மூன்று கேட்க வேண்டும்: பழைய கைப்பேசியைக் கணக்கிலிருந்து நீக்குவது, திறந்திருக்கும் எல்லா நுழைவுகளையும் துண்டிப்பது, புதியதைப் பதியத் தற்காலிக நுழைவு எண் தருவது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தத் தற்காலிக எண் வழக்கமாக ஒரு மணி நேரம்தான் செல்லும், அதனால் மாற்றுக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அடுத்து மைகார்டோடு தொலைத்தொடர்பு நிறுவனக் கடைக்குப் போய்ப் பழைய சிம்மை முடக்கி அதே எண்ணில் புது சிம் வாங்குங்கள். வங்கிப் பணம் போயிருந்தால் வங்கிக்கோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள், மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

முதலாளி என் படங்களைப் பார்ப்பாரா?

நியாயமான கேள்வி. ஆத்தென்டிகேட்டருக்கு உங்கள் படங்களோ வாட்சாப் செய்தியோ தெரியாது. கேமரா அனுமதி கட்டத்தை ஸ்கேன் செய்யத்தான், பதிவு முடிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் இருப்பிட அனுமதி கேட்கும், அது ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 'கம்பெனி போர்ட்டல்' மாதிரியான வேறு செயலியையும் போடச் சொன்னால் அது வேறு விஷயம். கைப்பேசியின் சில அமைப்புகளை நிறுவனம் நிர்வகிக்கவும், வேலைத் தரவை அழிக்கவும் அது இடம் தரும். எதையெல்லாம் பார்ப்பார்கள், எதையெல்லாம் அழிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு போடுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத மூத்த தண்டல் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஒருவருக்காகப் பக்கத்து மேசைக்காரரின் கைப்பேசியில் கணக்கைப் பதிந்துவைக்கும் வழக்கம் சில ஆபீஸ்களில் இருக்கிறது. மற்றவர் விடுப்பில் போனால் இவர் வேலை நிற்கும், ஏதாவது தவறு நடந்தால் யார் நுழைந்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு எண் காட்டும் சிறு கருவியோ யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியோ நிறுவனமே வாங்கிக் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் வேலைக் கணக்கு இரண்டையும் ஏற்கும். கேட்கும்போது எத்தனை பேருக்கு வேண்டும், எந்தெந்தக் கணினியில் யுஎஸ்பி துளை வேலை செய்கிறது என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தோட்ட ஆபீஸின் பழைய கணினிகளில் பாதித் துளைகள் துருப்பிடித்துக் கிடக்கும், சாவி வந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது வீண் அலைச்சல்.